இரவு 10:14-க்கு நின்ற தராசு: வி.எம். நிலைமாற்றங்களைப் பதிவுசெய்த அனுபவம்

மார்கழிக் கடைசி. காலை 5 மணிக்குக் கொள்முதல் கொட்டகையிலிருந்து போன் வந்தது. “தம்பி, தராசுல எடை காட்டுது, கம்ப்யூட்டர்ல ஏற மாட்டேங்குது. நண்டுக் கூடை வரிசையா நிக்குது. சீக்கிரம் வா.”

மண்டபம் வடக்குக் கரையில் ஒரு நண்டு, கணவாய் கொள்முதல் கம்பெனிக்கு நான்தான் கணினி வேலை பார்க்கிறேன். முந்தின நாள் கடலுக்குப் போன விசைப்படகுகள் விடியற்காலையில் கரை திரும்பும். கூடை இறங்கும், எடை போடுவார்கள், ஐஸ் போட்டு மூடுவார்கள், லாரி கிளம்பும். எடை பதிவாகாமல் நின்றால் எல்லாம் நிற்கும். படகு முதலாளிகளான சம்மாட்டிமாருக்கும் பதில் சொல்ல முடியாது.

அலுவலக அறையில் இருப்பது ஒரே ஒரு பழைய டவர் சர்வர். அதன் மேல் டெபியன் என்ற லினக்ஸ், ஒரு கணினிக்குள் பல கணினிகளை ஓடவிடும் கேவிஎம், அவற்றை நிர்வகிக்கும் லிப்வர்ட். உள்ளே நான்கு வி.எம்.கள், அதாவது மென்பொருளால் ஆன மெய்நிகர் கணினிகள்; இவற்றைத்தான் எந்திரம் என்கிறேன். ‘தராசு’ என்று நான் பெயர் வைத்திருப்பது எடைகளைச் சேமிக்கும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தள எந்திரம். ‘பில்’ என்பது கணக்கு எழுதும் விண்டோஸ். ‘குளிர்’ குளிர் அறையின் வெப்பநிலையைக் குறித்துவைக்கும். ‘கேமரா’ கொட்டகையின் கேமராப் படங்களைச் சேமிக்கும். நான்குக்கும் சேர்த்து 480 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று.

வீடு பக்கத்தில்தான். போய் உட்கார்ந்ததும் முதலில் பார்த்தது என்னுடைய கண்காணிப்புப் பதிவை. கிரான் என்ற நேர அட்டவணையில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் சின்ன ஸ்கிரிப்ட் அது. லிப்வர்ட்டின் கட்டளைக் கருவி விர்ஷ். அதன் ‘விர்ஷ் லிஸ்ட்’ கட்டளையின் பெயர்ப் பட்டியலில் எந்த வி.எம். இருக்கிறதோ அதற்கு நேரே ‘நலம்’ என்று எழுதும். அன்று அதிகாலை 5:05-க்கும் எழுதியிருந்தது: தராசு, நலம்.

ஆனால் தராசு பிங் கேட்டால் பதில் தரவில்லை. எஸ்எஸ்எச் வழியாக உள்ளே நுழையவும் முடியவில்லை. கன்சோலைத் திறந்தால் திரை அப்படியே உறைந்து நிற்கிறது. சந்தேகப்பட்டு ‘விர்ஷ் டொம்ஸ்டேட்’ கட்டளையை ‘ரீசன்’ என்ற தேர்வோடு கொடுத்தேன். இடைநிறுத்தம், காரணம் ஐ/ஓ பிழை என்று வந்தது. கேமராவுக்கும் அதே பதில். ‘டொம்பிளாக்எரர்’ கொடுத்துப் பார்த்ததில் இரண்டுக்கும் டிஸ்கில் இடமில்லை என்றது.

விஷயம் புரிந்தது. நான்கு எந்திரங்களுக்கும் டிஸ்காக இருப்பவை க்யூகவ்-2 வகைக் கோப்புகள். தராசுக்கு 60, பில்லுக்கு 120, குளிருக்கு 40, கேமராவுக்கு 400 என்று மொத்தம் 620 ஜிபி தருவதாகச் சொல்லியிருக்கிறேன். கையில் இருப்பதோ 480. க்யூகவ்-2 கோப்பு எழுத எழுதத்தான் வளரும் என்பதால் இரண்டு வருடம் பிரச்சினை வரவில்லை. கேமரா வளர்ந்து வளர்ந்து அன்று ராத்திரி கடைசி இடத்தையும் எடுத்துக்கொண்டது. டிஸ்க் நிரம்பினால், எந்திரத்தை ஓடவிடும் நிரலான க்யூஎமு அந்த எழுத்தைத் தவறவிட்டு உள்ளே இருக்கிற எந்திரத்தைக் குழப்புவதில்லை. எந்திரத்தையே அப்படியே நிறுத்திவைக்கிறது. இடம் கிடைத்த பிறகு ‘ரெஸ்யூம்’ கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து எழுதும். டேட்டா பழுதாகாமல் காப்பாற்றும் நல்ல ஏற்பாடுதான். ஆனால் ‘விர்ஷ் லிஸ்ட்’ என்பது ஓடுகிற எந்திரங்களின் பட்டியல் இல்லை, உயிரோடு இருக்கிற எந்திரங்களின் பட்டியல். இடைநிறுத்தத்தில் இருப்பதும் அதில் வரும். நான் பெயரை மட்டும் பார்த்தேன், பக்கத்தில் எழுதியிருந்த நிலையைப் பார்க்கவில்லை.

பழைய பேக்கப் ஒன்றை அழித்து 30 ஜிபி இடம் உண்டாக்கினேன். 5:21-க்குத் தராசுக்கு ரெஸ்யூம் கொடுத்தேன். உடனே எழுந்தது. கொட்டகையில் எடை ஏற ஆரம்பித்தது. அப்பாடா என்று டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது கணக்கு எழுதும் அக்கா பில்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். “தம்பி, இன்னைக்கு வந்த நண்டுக்கு நேத்துத் தேதி போட்டிருக்கு.” பில்லில் இரவு 10:31 என்று இருந்தது. தராசுக்குள் நுழைந்து நேரம் பார்த்தேன். சுவரில் தொங்கும் கடிகாரம் பேட்டரி தீர்ந்து நின்று, யாரோ பேட்டரி மாற்றியதும் நின்ற இடத்திலிருந்தே ஓடுவதுபோல அது முந்தின நாள் ராத்திரியிலேயே ஓடிக்கொண்டிருந்தது. இடைநிறுத்தத்தில் கெஸ்ட்டின், அதாவது உள்ளே ஓடும் எந்திரத்தின், கடிகாரமும் நின்றுவிடுகிறது. உள்ளே நேரத்தைச் சரிபார்க்கும் குரோனி ஓடுகிறதே, அது சரிசெய்யாதா என்றால், டெபியன் தருகிற அமைப்பில் குரோனி தொடங்கிய முதல் 3 திருத்தங்களில் மட்டும்தான் நேரத்தை ஒரே தாவலில் மாற்றும். அதற்கப்புறம் மெல்ல மெல்லத்தான் நகர்த்தும். அதிகபட்ச வேகத்தில் போனாலும் 12 நொடிக்கு 1 நொடிதான் சரியாகும். 7 மணி நேரத்தைச் சரிசெய்ய மூன்றரை நாள் ஆகும்.

வெளியிலிருந்து வரும் கட்டளையைக் கேட்கும் கெஸ்ட் ஏஜென்ட் உள்ளே இருந்ததால் ‘விர்ஷ் டொம்டைம்’ கட்டளையை ‘நவ்’ தேர்வோடு கொடுத்து ஹோஸ்ட்டின், அதாவது சர்வரின், நேரத்தை உள்ளே ஏற்றினேன். தப்பான நேரத்தில் ஏறியிருந்த 18 எடைகளையும் தேடி எடுத்து, வித்தியாசத்தைக் கூட்டித் திருத்தினேன். அந்த வித்தியாசத்தைக் கணக்கிடும்போதுதான் ஒன்று தெரிந்தது. தராசு எப்போது நின்றது என்பதை எனக்குச் சொன்னது அந்த நின்ற கடிகாரம் மட்டும்தான். இரவு 10:14. ஹோஸ்ட்டில் நான் எழுதிவைத்த எந்தப் பதிவிலும் அந்த நேரம் இல்லை. லிப்வர்ட் வைத்திருக்கும் க்யூஎமு பதிவுக் கோப்பிலும் அந்த நேரத்துக்கு ஒரு வரி இல்லை.

எனக்கு அது உறுத்தியது. ஒரு எந்திரம் இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். எப்போது மாறியது, எதனால் மாறியது என்பதை மாறுகிற நேரத்தில் பிடித்தால்தான் உண்டு. 10:14-க்கே எனக்கு ஒரு செய்தி வந்திருந்தால் பத்து நிமிட வேலை. விடியக்காலை ஒரு கொட்டகை முழுக்கக் காத்துக்கொண்டு நின்றிருக்காது.

முதலில் ஹுக் ஸ்கிரிப்ட் வழியாகத் தொடங்கினேன். லிப்வர்ட்டின் அமைப்புக் கோப்புறைக்குள் ஹுக்ஸ் என்ற கோப்புறையில் ‘க்யூஎமு’ என்ற பெயரில் ஒரு ஸ்கிரிப்ட் வைத்தால், எந்திரம் தொடங்கும்போதும் நிற்கும்போதும் லிப்வர்ட் அதைக் கூப்பிடும். எந்திரத்தின் பெயரும், என்ன நடக்கிறது என்பதும் அதற்கு வந்துசேரும். சுலபமாக இருக்கிறதே என்று எழுதினேன். கூடவே அந்த ஸ்கிரிப்டுக்குள் ‘விர்ஷ் டொம்ஸ்டேட்’ போட்டுக் காரணத்தையும் கேட்டு எழுதலாம் என்று ஒரு வரி சேர்த்தேன். சோதனைக்காக ‘குளிர்’ எந்திரத்தை நிறுத்திய உடனே விர்ஷ் முழுக்கத் தொங்கிப்போனது. லிப்வர்ட் என் ஸ்கிரிப்ட் முடியக் காத்திருக்கிறது. என் ஸ்கிரிப்ட் லிப்வர்ட்டின் பதிலுக்குக் காத்திருக்கிறது. ஹுக்குக்குள்ளிருந்து லிப்வர்ட்டைத் திருப்பிக் கூப்பிடக்கூடாது என்று அதன் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. அந்த வரியை எடுத்தேன், சரியானது. ஆனாலும் ஹுக் எனக்குப் போதவில்லை. தயார்செய்தல், தொடக்கம், நிறுத்தம், விடுவிப்பு, இடமாற்றம் போன்றவற்றுக்குத்தான் ஹுக் ஓடும். இடைநிறுத்தத்துக்கு ஓடாது. எனக்கு நடந்ததோ இடைநிறுத்தம்.

அடுத்து, நிகழ்வுகளை நடக்க நடக்கக் காட்டும் ‘விர்ஷ் ஈவென்ட்’. ‘லூப்’, ‘டைம்ஸ்டாம்ப்’ தேர்வுகளோடு ஒரு டெர்மினலில் இதை ஓடவிட்டு, இன்னொரு டெர்மினலில் ‘குளிர்’ எந்திரத்தை ஒவ்வொரு நிலைக்கும் மாற்றிப் பார்த்தேன். நிலைமாற்றத்தைக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் ஒரு மாலைப்பொழுது இதைச் செய்து பார்க்க வேண்டும். புத்தகத்தில் படித்தால் விளங்காதது கண்ணெதிரே வந்து விழும்.

இடைநிறுத்தினால் ‘இடைநிறுத்தம், பயனர் நிறுத்தினார்’ என்கிற பொருளில் ஒரு வரி வருகிறது. திரும்ப ஓடவிட்டால் ‘தொடர்ந்தது’. பலவந்தமாக ‘டெஸ்ட்ராய்’ கொடுத்தால் ‘நின்றது, அழிக்கப்பட்டது’ என்று ஒரே வரி. முறையாக அணைத்தால் இரண்டு வரி: முதலில் ‘அணைந்து முடிந்தது, கெஸ்ட்டின் கோரிக்கையால்’, பிறகு ‘நின்றது’. அந்த முதல் வரி இருக்கிறதா இல்லையா என்பதை வைத்தே எந்திரம் ஒழுங்காகத் தூங்கப் போனதா, கழுத்தைப் பிடித்து நிறுத்தியதா என்று சொல்லிவிடலாம். தொடங்கும்போது ஒரு விநோதம். ‘தொடர்ந்தது’ முதலில் வருகிறது, அதற்குப் பிறகுதான் ‘தொடங்கியது’. லிப்வர்ட் எந்திரத்தை நிறுத்திய நிலையிலேயே உருவாக்கி, எல்லாம் தயாரான பிறகு ஓடவிடுவதுதான் காரணம். இது தெரியாவிட்டால், யாரும் இடைநிறுத்தாத எந்திரம் ஏன் தொடர்கிறது என்று மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டியதுதான்.

நேரமும் கவனிக்க வேண்டிய ஒன்று. ‘டைம்ஸ்டாம்ப்’ தருகிற நேரம் யுடிசி, அதாவது உலகப் பொது நேரம். க்யூஎமு பதிவுக் கோப்புகளிலும் அப்படித்தான். நம் நேரத்துக்கு 5:30 கூட்ட வேண்டும். கோப்பில் 20:52 என்று இருந்தால் நமக்கு அது அடுத்த நாள் அதிகாலை 2:22, தேதியே மாறிவிடுகிறது. நான் பதிவில் யுடிசியிலேயே சேமித்து, காட்டும்போது மட்டும் நம் நேரத்துக்கு மாற்றுகிறேன்.

இதையே ஒரு சேவையாக ஆக்கப் பைத்தானில் எழுதினேன். லிப்வர்ட்டின் பைத்தான் நூலகம் டெபியனிலேயே பொதியாகக் கிடைக்கிறது. நிகழ்வுகளுக்காகக் காத்துச் சுற்றும் நிகழ்வுச் சுழலை முதலில் பதிய வேண்டும், அதன் பிறகு இணைப்பைத் திறக்க வேண்டும், பிறகு எந்த நிகழ்வு வேண்டும் என்று பதிவுசெய்து, சுழலை ஓடவிட வேண்டும். இந்த வரிசை முக்கியம். இணைப்பை முதலில் திறந்துவிட்டுச் சுழலைப் பிறகு பதிந்தால் நிகழ்வு வராது. தொடங்குதல், நிற்றல் போன்ற வாழ்க்கைச்சுழற்சி நிகழ்வோடு ஐ/ஓ பிழை நிகழ்வையும் சேர்த்துப் பதிந்தேன். முந்தையது எந்திரம் நின்றதைச் சொல்லும். பிந்தையது எந்த டிஸ்க், என்ன காரணம் என்று சொல்லும். மறுதொடக்கம் தனி நிகழ்வு. உள்ளிருந்து ரீபூட் செய்தால் வாழ்க்கைச்சுழற்சியில் ஒன்றும் வராது. அதையும் தனியாகப் பதிய வேண்டும்.

எண்களில் ஒரு நாள் போனது. லிப்வர்ட்டில் நிலைக்கு ஓர் எண் வரிசை, நிகழ்வுக்கு வேறோர் எண் வரிசை. நான் நிலைக்கான பெயர்ப் பட்டியலையே நிகழ்வுக்கும் போட்டுவிட்டேன். சோதனையில் இடைநிறுத்திப் பார்த்தேன், 3, சரியாக வந்தது. டெஸ்ட்ராய் கொடுத்தேன், 5, அதுவும் சரி. இந்த இரண்டு எண்ணும் இரண்டு வரிசையிலும் ஏறத்தாழ ஒரே பொருளில் அமைந்திருக்கின்றன. அதை நம்பி விட்டுவிட்டேன். மறுநாள் ‘பில்’ எந்திரத்தை முறையாக அணைத்தால் ‘நொறுங்கியது’ என்று போனுக்குச் செய்தி வருகிறது. திரும்ப ஓடவிட்டால் ‘அணைந்துகொண்டிருக்கிறது’ என்கிறது. 6 என்பது நிலையில் நொறுங்கல், நிகழ்வில் அணைப்பு. 4 என்பது நிலையில் அணைந்துகொண்டிருத்தல், நிகழ்வில் தொடர்தல். ஓடுவது நிலையில் 1. தொடங்குவது நிகழ்வில் 2. காரண எண்களும் அப்படியே: ஐ/ஓ பிழையால் இடைநிறுத்தம் என்பது நிலையைக் கேட்டால் 5, நிகழ்வாக வந்தால் 2. எண்ணைக் கையால் எழுதாமல் நூலகம் தருகிற பெயர்களையே பயன்படுத்துங்கள். நான் இப்போது இரண்டுக்கும் தனித்தனிப் பட்டியல் வைத்திருக்கிறேன்.

அடுத்த தவறு கொஞ்சம் ஆழமானது. நிகழ்வு வந்ததும் ஓடும் செயற்கூறுக்குள்ளேயே டெலிகிராமுக்குச் செய்தி அனுப்பும் வேலையையும் வைத்திருந்தேன். வாடைக்காற்று பலமாக அடிக்கிற நாட்களில் எங்கள் இணைய இணைப்பு அறுந்து அறுந்து வரும். அப்படி ஒரு நாள் இணைப்பு இல்லை. செய்தி அனுப்பும் வரி பதிலுக்காக ஒரு நிமிடத்துக்கு மேல் காத்து நின்றது. அது நிற்கிற வரை நிகழ்வுச் சுழலும் நிற்கிறது. லிப்வர்ட் சேவை தன்னோடு இணைந்திருப்பவர்களுக்கு அவ்வப்போது ‘இருக்கிறாயா’ என்று ஒரு தட்டு தட்டும். 5 நொடிக்கு ஒருமுறை, 5 தடவை தட்டியும் பதில் இல்லையென்றால் இணைப்பைத் துண்டித்துவிடும். ஏறக்குறைய அரை நிமிடம்தான் கணக்கு. சுழல் நின்றிருந்ததால் பதில் போகவில்லை, இணைப்பு போயிற்று. இப்போது அந்தச் செயற்கூறு ஒன்றே ஒன்றுதான் செய்கிறது: வந்ததை நேரத்தோடு ஒரு வரிசையில் போடுகிறது. எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் எழுதுவதும், செய்தி அனுப்புவதும் தனியாக ஓடும் இழையில். இணையம் இல்லாவிட்டால் செய்தி காத்திருக்கும், பதிவு காத்திருக்காது.

இணைப்பு அறுவதன் இன்னொரு முகம் தை மாதம் நடுவில் தெரிந்தது. இரண்டு நாளாகப் பதிவில் ஒரு வரியும் இல்லை. எல்லாம் அமைதியாக இருக்கிறது என்று நினைத்தேன். ஏதோ வேலையாகக் ‘குளிர்’ எந்திரத்தை இடைநிறுத்தினேன், போனில் செய்தி வரவில்லை. பார்த்தால் தானியங்கிப் புதுப்பிப்பு வந்து லிப்வர்ட் சேவையை மறுதொடக்கம் செய்திருக்கிறது. வி.எம்.களுக்கு அதனால் ஒன்றும் ஆகாது, அவை பாட்டுக்கு ஓடும். ஆனால் என் நிரலின் இணைப்பு போய்விட்டது. நிரல் சாகவில்லை, சுழல் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. சேவைகளைக் கவனிக்கும் சிஸ்டம்டியைக் கேட்டால் ‘ஓடுகிறது’ என்கிறது. காது கேளாத காவல்காரரை வாசலில் நிறுத்தியதுபோல. அந்த இரண்டு நாளில் நடந்தது எதுவும் திரும்பக் கிடைக்காது, ஏனென்றால் இணைப்பில் இல்லாதவருக்காக லிப்வர்ட் நிகழ்வுகளை எடுத்துவைப்பதில்லை.

என் அப்பா விசைப்படகில் போனவர். கடலுக்குப் போகும் நாளில் டோக்கன் வாங்கித்தான் படகு கிளம்பும். எந்தப் படகு போயிற்று என்று எழுத்தில் இருக்கும். ஆனாலும் காற்று மாறின சாயங்காலங்களில் கரையில் நிற்கும் பெரியவர்கள் நோட்டைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகமாட்டார்கள். மணலில் நின்று, திரும்பி வந்து கட்டியிருக்கிற படகுகளை விரல்விட்டு எண்ணுவார்கள். நோட்டில் இருப்பதும் கரையில் இருப்பதும் ஒத்துப்போனால்தான் பேச்சு இயல்பாகும். என் நிரலில் நோட்டு இருந்தது, எண்ணிப் பார்ப்பது இல்லை.

அதைச் சேர்த்தேன். இணைப்பு அறுந்தால் லிப்வர்ட் ஒரு மூடல் அறிவிப்பு தரும்; அதைப் பதிந்து, வந்தவுடன் நிரல் பிழையோடு வெளியேறும்படி செய்தேன். 5 நொடியில் சிஸ்டம்டி அதைத் திரும்பக் கிளப்பும். நிரலுக்குள்ளேயே மறுபடி இணைக்கும் வித்தைகளை எழுதுவதைவிட இது நேரானது என்பது என் எண்ணம். கிளம்பியதும் முதலில் நிகழ்வுகளுக்குப் பதிவுசெய்கிறது, அதற்கப்புறம் எல்லா எந்திரங்களின் நிலையையும் காரணத்தையும் கேட்கிறது. தலைகீழாகச் செய்தால், கேட்டு முடித்ததற்கும் பதிவுசெய்வதற்கும் நடுவே நடந்த மாற்றம் நழுவிவிடும். இந்த வரிசையில் ஒரே மாற்றம் இரண்டு முறை தெரியலாம், அதில் நஷ்டமில்லை. கேட்ட நிலையும் கடைசியாகப் பதிவில் இருக்கும் நிலையும் ஒத்துவராவிட்டால் ‘இடைவெளியில் மாறியது’ என்று தனி வகையில் எழுதும். எப்போது என்று தெரியாததைத் தெரிந்ததுபோல நேரம் போட்டு எழுதுவதில்லை. எதற்கும் எதற்கும் நடுவில் என்று இரண்டு நேரம் போடும். 10 நிமிடத்துக்கு ஒருமுறை இதே ஒப்பீடு நடக்கும். நிமிடத்துக்கு ஒருமுறை ‘நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்று தன்னைப் பற்றியும் ஒரு நேரத்தைக் குறித்துவைக்கும். பதிவில் வரி இல்லையென்றால் ஒன்றும் நடக்கவில்லை என்று பொருளா, கேட்க ஆள் இல்லை என்று பொருளா என்பதை இப்போது பிரித்துச் சொல்ல முடிகிறது.

மூன்று வாரப் பதிவு சேர்ந்ததும் உட்கார்ந்து பார்த்தேன். ‘பில்’ எந்திரம் சில சனிக்கிழமை மாலைகளில் 6:40 வாக்கில் நின்றிருந்தது. ஒவ்வொரு முறையும் முதல் வரி ‘கெஸ்ட்டின் கோரிக்கையால்’. அழிக்கப்படவில்லை, நொறுங்கவில்லை, டிஸ்க் பிரச்சினையும் இல்லை. யாரோ உள்ளேயிருந்து முறையாக அணைத்திருக்கிறார்கள். நேரத்தைச் சொன்னதும் கணக்கர் அக்காவுக்கே பிடிபட்டது. “சனிக்கிழமை நான்தானே கடைசியா கிளம்புறேன். ஞாயித்துக்கிழமை முழுக்க எதுக்கு கரெண்டுன்னு எல்லாத்தையும் அணைச்சுட்டுத்தான் போவேன்.” தன் மேசையில் இருக்கிற கணினியை அணைப்பதாக நினைத்து, ரிமோட் டெஸ்க்டாப்பில் திறந்திருந்த பில் எந்திரத்தையும் சேர்த்து அணைத்திருக்கிறார். வீட்டுக்கும் கம்பெனிக்கும் சிக்கனமாக இருக்கிறவரின் நல்ல பழக்கம். அது அவர் மேல் குறை இல்லை. அந்த விண்டோஸில் அணைக்கும் பொத்தானை மறைத்துவிட்டேன். திங்கட்கிழமை காலைகளில் ‘பில் வரவில்லை’ என்று வரும் போன் அதோடு நின்றது. ஒரு வருடமாக அதற்கு நெட்வொர்க்கைத்தான் நான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

டிஸ்க் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேமராவைத் தனி டிஸ்குக்கு மாற்றினேன். மீதி மூன்றுக்கும், அழித்த இடத்தைத் திருப்பித் தரும் ‘டிஸ்கார்ட்’ அமைப்பைப் போட்டேன். இல்லையென்றால் கெஸ்ட்டுக்குள் எவ்வளவு அழித்தாலும் வெளியே க்யூகவ்-2 கோப்பு சுருங்காது. சர்வரைத் திறந்தபோது முன்பக்க மின்விசிறியின் திருகுகளில் துரு, சட்டத்தில் வெள்ளையாக உப்புப் படிவு. ஜன்னல் கடலைப் பார்த்து இருக்கிறது. அதை அடைத்துவிட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து துடைப்பது என்று காலண்டரில் எழுதியிருக்கிறேன். கடலோரத்தில் சர்வர் வைத்திருக்கிற யாருக்கும் இதைச் சொல்வேன்: ராம் அட்டைகளையும் இணைப்பிகளையும் கழற்றித் துடைத்துப் போடுங்கள், விளங்காத பாதி நோய் அங்கே இருக்கும்.

கடைசியாகச் சரிசெய்தது மின்தடை. யூபிஎஸ் 12 நிமிடம் தாங்கும். அதற்குள் எந்திரங்களை அணைப்பது ‘லிப்வர்ட்-கெஸ்ட்ஸ்’ என்ற சேவையின் வேலை. அது ஓர் எந்திரத்துக்கு 300 நொடி வரை காத்திருக்கும், அதுவும் ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்தது. நான்கும் முரண்டு பிடித்தால் 20 நிமிடம். பேட்டரி அதற்குமுன் தீர்ந்துவிடும். நான்கையும் ஒரே நேரத்தில் அணைக்கும்படியும், மொத்தம் 240 நொடி என்றும் அமைத்தேன். சோதித்தபோது எந்திரங்கள் ஒழுங்காக அணைந்தன, ஆனால் பதிவில் அந்த அணைப்புகள் வரவே இல்லை. என் சேவையை லிப்வர்ட்-கெஸ்ட்ஸ் சேவைக்குப் ‘பிறகு’ தொடங்கும்படி எழுதியிருந்தேன். சிஸ்டம்டி நிறுத்தும்போது வரிசையைத் தலைகீழாக்கும். கடைசியில் வந்தது முதலில் போகும். எந்திரங்கள் அணையத் தொடங்கும் முன்பே என் காவல்காரர் வீட்டுக்குப் போய்விட்டார். லிப்வர்ட்டுக்குப் பிறகு, லிப்வர்ட்-கெஸ்ட்ஸுக்கு முன்பு என்று மாற்றினேன். இப்போது கடைசி எந்திரம் அணையும் வரை இருக்கிறது.

போன வாரம் காற்றோடு மின்சாரம் போனது. பதிவிலிருந்து அப்படியே எடுத்துத் தருகிறேன்.

19:09:04 ஹோஸ்ட் அணைப்பு தொடங்கியது
19:09:31 குளிர், அணைந்தது, கெஸ்ட் கோரிக்கை
19:09:38 தராசு, அணைந்தது, கெஸ்ட் கோரிக்கை
19:09:57 கேமரா, அணைந்தது, கெஸ்ட் கோரிக்கை
19:10:52 பில், அணைந்தது, கெஸ்ட் கோரிக்கை
19:11:00 கடைசியாகக் கேட்டது
20:37:16 புதிய துவக்கம், இடைவெளி 86 நிமிடம்
20:37:20 ஒப்பீடு, நான்கும் அணைந்த நிலை, மாற்றம் இல்லை
20:38:02 தராசு, தொடங்கியது

மறுநாள் விடியலில் கொட்டகைக்குப் போனேன். எடை போடுகிற அண்ணன் முதல் கூடையைத் தராசில் ஏற்றிக்கொண்டே கேட்டார். “நேத்து ராத்திரி கரெண்டு போச்சே தம்பி, சிஸ்டம் ஒண்ணும் ஆகலையே?” எல்லாம் 7:10-க்கே ஒழுங்காக அணைந்து, 8:38-க்கு எழுந்துவிட்டது என்றேன். அவர் திரையில் தேதியைப் பார்த்தார், சரியாக இருந்தது. அடுத்த கூடையைத் தூக்கினார்.